யூலிற்றாவின் ஈயமூடி

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாரியில் மல்லாவிப் பக்கம் பிறந்த பிள்ளைகள் எல்லாம், நான் யோசனை சொல்லிச் செய்வித்த ஒரு மூடியின் புண்ணியத்தில் பிறந்தவை. எல்லாம் என்பது மிகை. பாதி என்று எழுதிப் பார்த்தேன், அதையும் வெட்டிவிட்டேன். ஒரு பிள்ளையைப் பற்றித்தான் எனக்கு நிச்சயமாகத் தெரியும். யோசனை என்னுடையது என்பதிலும் கொஞ்சம் கலப்படம் உண்டு. மூடி யூலிற்றாவுடையது. ஆகவே இது அவளுடைய கதை.

யூலிற்றாவின் தகப்பன் முல்லைத்தீவுக் கரையில் வலைகளுக்கு ஈயக்குண்டு வார்த்தவர். ஏழு வயதிலேயே அவள் உருகிய ஈயத்தைச் சிரட்டைக் கரண்டியால் ஊற்றினாளாம். சிரட்டை எரிந்துவிடாதா என்று நான் கேட்டபோது, “சரி, இரும்புக் கரண்டி எண்டு வையுங்கோ” என்றாள். அவளும் என்னைப்போலத்தான். ஆனால் இரண்டு முழங்கைகளிலும் ஈயம் தெறித்த வடு இருக்கிறது. அது பொய் சொல்லாது.

தொண்ணூறுச் சண்டையோடு கரையை விட்டுப் புறப்பட்டு, நாலைந்து இடத்தில் இருந்து எழும்பி, கடைசியில் மல்லாவிக்கு வந்து எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளிக் கொட்டில் போட்டார்கள். புறப்படும்போது குசினிச் சாமான்களை விட்டுவிட்டு, தகப்பனின் ஈயக்குண்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவள். “உலை வைக்கப் பானை இல்லை, உருக்கித் தின்ன ஈயம் கிடக்கு” என்று அவளுடைய புருசன் அல்பேர்ட் இன்றைக்கும் பகிடி பண்ணுவார். அல்பேர்ட் வள்ளத்து எஞ்சின் திருத்தியவர். மல்லாவியில் வள்ளம் ஏது? தோட்டத்துத் தண்ணீர் மெஷின்களைத் திருத்தப் போனார். யூலிற்றா வேப்பமரத்தின் கீழே ஒரு மரவாங்கும் காற்றுப் பம்பும் வைத்துச் சைக்கிள் திருத்தத் தொடங்கினாள்.

முதல் சைக்கிளோடு வந்தவர் வீரகத்தியர். “பொம்பிளை ஒட்டினால் காத்து நிக்குமோ?” என்று கேட்டார்.

“காத்துக்கு ஆம்பிளை பொம்பிளை தெரியாது அண்ணை. நீங்கள் உந்தக் கதிரையிலை இருங்கோ.”

காற்று நின்றது. ஆறு மாதத்தில் அந்தக் கதிரை என்னுடையதாகிவிட்டது. நான் விஞ்ஞானம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். காலையில் போய் உட்கார்ந்தால், கேளாமலே எல்லாருக்கும் விளக்கம் சொல்லுவேன்.

சண்டையால் பாதை பூட்டி, வெளிச் சாமான் வராத காலம். சைக்கிள்தான் எங்களுக்குக் கார், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். ஆனால் சைக்கிள் ஓட வேண்டுமென்றால் பஞ்சர் ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்குச் சொலூசன் வேண்டும். சொலூசன் என்பது சுண்டுவிரல் அளவு அலுமினிய ரியூப்பில் வரும் றப்பர் பசை. முல்லைத்தீவில் கடை வைத்திருந்து அப்போது வவுனியாவில் இருந்த ஹலீம் நானா, யூலிற்றாவின் தகப்பனை நினைத்து, தெரிந்தவர் கையில் நாலு ரியூப் கொடுத்தனுப்பினார். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

ரியூப்பின் வாயை ஊசியால் குத்தித் திறக்கும் வரைக்கும் உள்ளே இருப்பது பத்திரம். திறந்த பிறகு எல்லாம் மூடியின் கையில். அந்த மூடிகளோ பிளாஸ்ரிக். எங்கள் வெய்யிலில் வெடித்துவிடும். வெடிக்காததும் சரியாக அடைக்காது. பத்து நாளில் உள்ளே பசை காய்ந்து, அமுக்கினால் றப்பர்க்கொட்டை மாதிரி உருளும்.

இராசமலர் மிஸ்ஸி எங்கள் பகுதி மருத்துவிச்சி. ஐந்து கிராமம், ஒரு சைக்கிள். பாதை முழுக்க விடத்தல் முள். வழியில் காற்றுப் போனால் தானே ஒட்டட்டும் என்று யூலிற்றா அவருக்கு வேலையைப் பழக்கி, நாலில் ஒரு ரியூப்பையும் கொடுத்திருந்தாள். ஐப்பசி மாதம் ஒருநாள் துணுக்காய்க்கு அப்பாலிருந்து அழைப்பு வந்தது. பாதி வழியில் பின் சில்லு இறங்கிவிட்டது. மிஸ்ஸி பையைத் திறந்து சொலூசனை அமுக்கினார். வரவில்லை. வாலை வெட்டிப் பார்த்தார். உள்ளே காய்ந்த கட்டி. சைக்கிளைப் பற்றைக்குள் சாய்த்துவிட்டு நாலு மைல் நடந்தார். போய்ச் சேர்ந்தபோது பிள்ளை போய்விட்டது. தாய் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

மறுநாள் மிஸ்ஸி அந்தக் காய்ந்த ரியூப்பைக் கொண்டுவந்து யூலிற்றாவின் வாங்கில் வைத்தார். ஒன்றும் குறை சொல்லவில்லை.

“இனி வாறது மாரி, யூலிற்றா. கார்த்திகை, மார்கழிக்கு மட்டும் பதினொரு பேருக்கு நாள் குறிச்சிருக்கு. என்னட்டை இருக்கிறது இந்தச் சைக்கிள்தான்.”

அவர் போன பிறகு யூலிற்றா அந்த ரியூப்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு, “நான் குடுத்த ரியூப், ரீச்சர்,” என்றாள்.

“மூடி கொம்பனிக்காரன் செய்தது.”

“குடுத்தது நான்.”

திறக்காத ரியூப் இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. அதற்கு ஒரு நல்ல மூடி செய்யும் வரைக்கும் ஊசி வைப்பதில்லை என்று அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். பழைய ரியூப்புகளின் வாலைப் பிரித்துக் கழுவி, பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டாள்.

முதலில் கரைக்காரர் செய்வதைத்தான் செய்தாள். வள்ளத்துப் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசுவார்கள். கலப்பற்று என்று பேர். அதே மாதிரி மூடிக்கும் கழுத்துக்கும் இடையில் வெளிப்பக்கமாக நூல் சுற்றிக் குங்கிலியம் பூசினாள். கல்லாக இறுகியது. பெருமையோடு என்னிடம் தந்தாள். நான் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. அல்பேர்ட் குறடு கொண்டு திருகினார். மூடியோடு ரியூப்பின் கழுத்தும் சேர்ந்து கழன்றது. பரிசோதனைக்கு உள்ளே விட்டிருந்த மண்ணெண்ணெய் ஊறிக் குங்கிலியத்தின் உள்பக்கத்தைக் கரைத்திருந்ததையும் அப்போதுதான் கண்டோம்.

“உன்ரை வள்ளம் கரையிலை நல்லா நிக்கும், கடலிலைதான் தாழும்,” என்றார் அல்பேர்ட்.

அவள் சிரிக்கவில்லை. “வள்ளத்துக்குத் தண்ணி வெளியிலை. இதுக்கு உள்ளுக்கை. நான் மாறிப் பூசிப்போட்டன்.”

அடுத்தது ஈயம். ரியூப்பின் கழுத்தை வெட்டி ஒரு குச்சியில் செருகினாள். சுற்றிவர, பற்றரித் தகட்டில் வெட்டிய ஒரு வளையம். நடுவில் உருகிய ஈயத்தை ஊற்றினால் கழுத்திலுள்ள திருகுமரை அப்படியே ஈயத்தில் பதியும். ஆறியதும் திருகிக் கழற்றினால் மூடி. சொல்ல லேசு. ஆறிய ஈயம் சுருங்கிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. ஜாம் போத்தலில் செய்த மண்ணெண்ணெய் விளக்கின் புகையில் கழுத்தைக் காட்டி, தடிப்பாகக் கரி பிடிக்க வைத்து ஊற்றினாள். அந்தக் கரி தந்த இடைவெளியில் மூடி கழன்றது. பளபளவென்று, கனமாக, அழகான மூடி.

ரியூப்புக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, மூடியைப் பூட்டித் தலைகீழாக வேப்பங்கொப்பில் கட்டினோம். கீழே என்னுடைய பழைய கொப்பித் தாள். அடுத்த நாள் தாளில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு எண்ணெய்ப் பொட்டு.

என் விஞ்ஞானம் இங்கேதான் விழித்துக்கொண்டது. “மரைக்குள்ளாலைதான் கசியுது. மரையை இறுக்கமாக்கு,” என்றேன். கரியைக் குறைத்தாள். மூடி கழல மறுத்தது. கூட்டினாள். கசிந்தது. இப்படிப் பதினேழு மூடி. ஒவ்வொரு மூடியையும் உருக்கித்தான் அடுத்தது. ஈயத்தில் அது ஒரு வசதி. கார்த்திகை பிறந்துவிட்டது. மிஸ்ஸி தினமும் அந்த வழியால் போவார். மணி அடிப்பார், இறங்கமாட்டார். இறங்கிக் கேட்டிருந்தால்கூட யூலிற்றாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பதினேழாவதும் கசிந்த அன்று அவள் வாங்கில் குந்தியிருந்து, பையிலிருந்து ஒரு சின்ன ஈயக்குண்டை எடுத்துப் பல்லுக்குள் வைத்துக் கடித்தாள். தூண்டில் நூலில் ஈயத்தைப் பிடிப்பிக்கக் கரையில் எல்லாரும் அப்படித்தான் கடிப்பார்களாம். கோபம் வந்தாலும் அந்தப் பழக்கம் வரும்.

“துப்படி அதை! ஈயம் நஞ்செல்லே!” என்று கத்தினேன்.

துப்பினாள். துப்பியதைக் கையில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பல்லின் அச்சு ஆழமாகப் பதிந்திருந்தது.

“ரீச்சர், மரை அடைக்கிறேல்லை.”

“அப்ப மரை என்னத்துக்கு?”

“மரை இழுத்துப் பிடிக்கத்தான். அடைக்கிறது உதடு. ரியூப்பின்ரை உதடு ஈயத்தைக் கடிக்க வேணும், இந்தப் பல்லு மாதிரி.”

அரத்தை எடுத்துப் பதினேழாம் மூடியை நெடுக்காக அராவிப் பிளந்தாள். உள்ளே பார்த்தால் மூடியின் உச்சி குழிந்திருந்தது. காரணம் அவளுடைய கைப்பழக்கம். ஊற்றும்போது ஈயம் ரியூப்பின் வாய்க்குள் ஓடாமல் இருக்க வாயில் களிமண் அடைப்பாள். அடைத்து, உதட்டின் மேலே குமிழாகக் கூட்டி விடுவாள். குண்டு வார்க்கும்போது கயிற்றுத் துளைக்குத் தகப்பன் அப்படித்தான் மண் வைப்பாராம். அந்தக் குமிழ் இருந்த இடம்தான் மூடிக்குள் குழி. பதினேழு மூடியிலும் ரியூப்பின் உதடு ஈயத்தைத் தொடவே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் மூன்று கிழமையாக மரையோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம்.

பதினெட்டாவதற்கு மண்ணைக் குமிழாக வைக்காமல், வாய்க்குள்ளே கீழே அமுக்கி, கூரான தடியால் ஒரு சின்னக் குழி போட்டாள். ஈயம் அதற்குள் இறங்கி, மூடியின் நடுவில் ஒரு முளை வந்தது. முளையைச் சுற்றி உதட்டுக்குச் சமமான தளம். பூட்டும்போது முளை வாய்க்குள் போகும். கடைசி அரைச் சுற்றில் உதடு ஈயத்தில் பதியும். இறுக்க இறுக்க ஈயம் தானே உதட்டின் உருவத்துக்கு வந்துவிடும். இன்னொரு நன்மையும் கிடைத்தது: கனத்தில் ரியூப் மூடியின் மேல் தலைகீழாக நிற்கும், பசை எப்போதும் வாய்ப்பக்கம் இருக்கும்.

நாற்பது நாள் கொப்பில் தொங்கிற்று, தாளில் ஒரு பொட்டு விழவில்லை என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் ஏழு நாள். ஈயத்தைக் கடிக்கச் சொன்னதே நான்தான் என்றும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். துப்பச் சொன்னதுதான் நான்.

எட்டாம் நாள் யூலிற்றா வீதியில் இறங்கி மிஸ்ஸியை மறித்தாள். பெட்டியைத் திறந்து கடைசி ரியூப்பை எடுத்து, ஊசியால் குத்தி, ஈயமூடியைப் பூட்டிக் கொடுத்தாள்.

“கடைசி அரைச் சுத்து இறுக்கமா வரும் மிஸ்ஸி. பயப்பிடாதேங்கோ, அது கடிக்கிறது.”

“கனக்குது.”

“தொலைஞ்சால் சத்தம் கேக்கும்.”

அதற்குப் பிறகு அந்த ரியூப் மூன்று தரம் திறந்து பூட்டப்பட்டது. நாலாவது தரம் மார்கழி நடுவில். துசியந்தன் என்ற பெடியன், காட்டோரக் குடியிருப்பிலிருந்து மத்தியான மழையில் மிஸ்ஸியின் வாசலில் வந்து நின்றான். மனைவி நிரோசினிக்கு வலி தொடங்கிவிட்டது, முதல் பிள்ளை. அவனுடைய சைக்கிளின் ரயருக்குள் காற்றுக்குப் பதிலாக வைக்கோல்தான் அடைத்திருந்தது. இன்னொருவரை ஏற்ற முடியாது. மிஸ்ஸி தன் சைக்கிளில் ஏறினார். ஐப்பசியில் நடந்த அதே பாதை. ஏறக்குறைய அதே இடத்தில் பின் சில்லு இறங்கிற்று.

மிஸ்ஸி சைக்கிளைக் கவிழ்த்து ரயரைக் கழற்றினார். துசியந்தன் தன் சாரத்துக்கு மேலே கட்டியிருந்த பொலித்தீனை அவிழ்த்து, கூரைபோல் விரித்துப் பிடித்தான். முள் குத்திய இடத்தைத் துடைத்து, உரஞ்சி, மூடியைத் திருகினார். ஈயம் உதட்டை விட்டது. அமுக்கினார். பசை ஈரமாக, மினுங்கிக்கொண்டு வந்தது.

“ஒட்டுங்கோ மிஸ்ஸி, ஒட்டுங்கோ!”

“பூசின உடனை ஒட்டினால் பிடியாது. அஞ்சு நிமிசம் காய வேணும்.”

“அஞ்சு நிமிசமோ! அவள் அங்கை...”

“நீர் பொலித்தீனை நேராப் பிடியும். மழை உள்ளுக்கை வருது.”

ஐந்து நிமிடம் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவன் அழுதுகொண்டு பிடித்தான். பிறகு ஒட்டி, கைப்பம்பால் காற்றடித்து, மூடியை அந்தக் கடைசி அரைச் சுற்றோடு இறுக்கிப் பையில் போட்டார். வீட்டு வாசலில் சைக்கிளை விழவிட்டு உள்ளே ஓடினார். சரியான நேரம். அவருடைய ஈரக் கைகளுக்குள்ளேயே பிள்ளை வந்து விழுந்தது. ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் அந்தப் பிள்ளை இல்லை.

இவ்வளவையும் எழுதி, இன்று காலை யூலிற்றாவின் கடையில் வாசித்துக் காட்டினேன். “பதினேழு இல்லை, பதினொண்டு,” என்று அவள் தொடங்கினாள். நான் கேட்காத மாதிரி இருந்தேன். ஆனால் காற்றடிக்க வந்து நின்ற இராசமலர் மிஸ்ஸி பம்பை நிலத்தில் வைத்துவிட்டார்.

“ரீச்சர், முடிவு பிழை. நான் போகேக்கை பிள்ளை பிறந்து அரை மணித்தியாலம். மாமிக்காறி சீலையிலை சுத்தி வைச்சிருந்தா. அது நல்லாத்தான் கத்திக்கொண்டிருந்தது. அதுக்கு நானும் தேவையில்லை, உங்கடை மூடியும் தேவையில்லை.”

“அப்ப?”

“பிள்ளைக்குப் பின்னாலை வர வேண்டிய இளங்கொடி வரேல்லை. ரத்தம் பாயைத் தாண்டி நிலத்திலை ஓடிக்கொண்டிருந்தது. மாமிக்காறி பிள்ளையைப் பாத்த சந்தோசத்திலை அதைக் காணேல்லை. நடந்து போயிருந்தால் நிரோசினியை உயிரோடை கண்டிருக்க மாட்டன். பிள்ளை எண்டதை வெட்டிப்போட்டு, தாய் எண்டு எழுதுங்கோ.”