காட்டேரிகளின் பதினோராம் சட்டம்

அந்த வருடங்களில் நான் இரத்தக் காட்டேரிகளுக்குச் சட்டம் எழுதிக்கொண்டிருந்தேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நகரக் கவுன்சிலில் வீட்டுப் பெனிபிட், அதாவது வாடகை உதவி, விண்ணப்பங்களைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன ஒருத்திக்கு, இல்லாத சனத்துக்காவது சட்டம் எழுதினால் ஆறுதலாக இருந்தது. இணையத்தில் ஒரு விளையாட்டுக் குழு. முகம் தெரியாத சிலர் சேர்ந்து ஒரு கற்பனை உலகத்தைக் கட்டினோம், ஆளுக்கொரு கூட்டம். என் பங்குக்கு வந்தவர்கள் புல்வெளியில் குதிரையில் அலையும் காட்டேரிகள். நூலகத்தில் மொங்கோலியரைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து, அதிலிருந்த வழக்கங்களை ஒவ்வொன்றாகச் சட்டமாக்கினேன்.

எழுதிய இடம் ஆஸ்பத்திரி. அப்பாவின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டிருந்தன. செவ்வாய், வியாழன், சனி, நாலு நாலு மணித்தியாலம், இயந்திரம் அவருடைய இரத்தத்தை இழுத்துச் சுத்தமாக்கித் திருப்பிக் கொடுக்கும். அம்மா இல்லை, அண்ணன் கனடாவில். ஆக, நான்தான். ஆஸ்பத்திரி வாகனம் நாங்கள் இருந்த மனோர் பார்க்கில் எங்களை ஏற்றி, குட்மேய்ஸ் வரைக்கும் போய் மற்ற நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விடும். வேலை நேரத்தை மாற்றித் தரச் சொல்லி மேலாளரிடம் கெஞ்சிக் கெஞ்சி, கெஞ்சவும் அலுத்துப்போன காலம் அது.

அப்பா யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்த மனிசன். எந்தக் கடுதாசியைக் கொடுத்தாலும் முதலில் திகதியைத் தேடுவார், பிறகுதான் விஷயம். நான் அச்செடுத்துக் கொண்டுபோகும் சட்டங்களை ஒற்றைக் கையால் பிடித்து வாசித்து, எங்கே ஓட்டை என்று பார்ப்பார். மற்றக் கையில் ஊசி.

“வாசற்படியை மிதிச்சா மரணதண்டனையோ?”

“ஓம் அப்பா. மொங்கோலியரின்ர வழக்கம்.”

“நாங்களும் படியில இருக்க விடமாட்டம்தான். அதுக்காக ஒருத்தரையும் கொல்லேல்லையே.”

பெரிய இடத்து ஆளைக் கொல்ல வேண்டி வந்தால் இரத்தம் நிலத்தில் சிந்தக் கூடாது என்ற சட்டம் அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. இயந்திரத்தைக் கண்ணால் காட்டி, “இவனும் உன்ர ஆள்தான். ஒரு துளி சிந்தான்” என்றார். என்ன சிரிப்பு என்று நேர்ஸ் கேட்டாள். என்னத்தை விளங்கப்படுத்துவது?

ஒரு வியாழக்கிழமை டொக்டர் வந்து, உறவினர் யாராவது ஒரு சிறுநீரகம் கொடுக்கலாம், சோதித்துப் பார்ப்போமா என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். அண்ணனுக்குச் சலரோகம், சர்க்கரை வியாதி; அவருடையதை எடுக்க மாட்டார்கள். “நான் குடுக்கிறன்” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு, கழிவறையில் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு குந்தியிருந்தேன். வயிற்றைக் கிழிப்பார்களே என்ற பயம். முப்பத்தொரு வயதில், தொடங்காத வாழ்க்கை தொடங்காமலே முடிந்துவிடுமோ என்ற பயம். பெற்ற தகப்பனுக்குக் கொடுக்கப் பயம். இதை ஆரிடம் போய்ச் சொல்ல? அடுத்த நாளே கோயிலில், “பிள்ளையெண்டா இப்பிடி இருக்கோணும்” என்று ஒரு அன்ரி என் கன்னத்தைத் தடவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினோராம் சட்டத்தை எழுதினேன். மொங்கோலியர் தகப்பன்வழிக் குலத்தை எலும்பு என்பார்களாம். ஒரே எலும்புக்காரர் தங்களுக்குள் கலியாணம் செய்யமாட்டார்கள். அதைக் காட்டேரிகளுக்கு ஏற்றபடி திருப்பினேன்: ‘ஒரே எலும்புக்காரரின் இரத்தத்தை ஒருவரும் குடிக்கக் கூடாது, பசியால் சாக நேர்ந்தாலும்.’ எழுதும்போது அப்பாவை நினைக்கவேயில்லை என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை அவர் அதை வாசித்தார். அச்செடுக்கிற ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அந்தச் சனியன் பிடித்த கணினி, எழுதிய திகதியைப் போட்டுவிடும். அதைப் பார்த்தார்: டொக்டர் கேட்டு மூன்றாம் நாள். என்னைப் பார்த்தார். அன்றைக்கு ஓட்டை ஒன்றும் தேடவில்லை.

“நல்ல சட்டம்,” என்றார்.

டொக்டர் மறுபடி வந்தபோது, மகளிடம் வாங்க மாட்டேன், இறந்தவர்களின் சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிற வரிசையில் என்னைப் போடுங்கள் என்று தன் கந்தோர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

“ஏன் அப்பா?”

“உன்ர சட்டம்தான். ஒரே எலும்பு. எனக்கு ஏலாது.”

“அது விளையாட்டு.”

“விளையாட்டெண்டாலும் சட்டம் சட்டம்தான்.”

சண்டை பிடித்தேன். கொஞ்சம். பிடிக்க வேண்டிய அளவுக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்கு வாகனத்தில் திரும்பி வரும்போது எனக்கு வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருடம் போனது. வரிசையில் எங்கள் முறை வரவில்லை. அவருடைய சேட்டுகள் எல்லாம் அவர் உடம்புக்குப் பெரிதாகிக்கொண்டே போயின. பயமும் களைத்துப்போகும் போலும். ஒருநாள் தேடிப் பார்த்தேன், அது இல்லை. பதினோராம் சட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தேன்: ‘கொடுப்பவர் தானாகக் கொண்டுவந்து கொடுத்தால் அது குடித்ததாகாது.’ அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“கூட்டம் முழுக்கக் கூடாமல் சட்டத்தை மாத்தேலாதெண்டு நீதானே எழுதினனி. நானும் உன்ர கூட்டம்தான், நான் வரேல்லை.”

“பகிடி விடாதேங்கோ அப்பா. உண்மையாத்தான் கேக்கிறன். இப்ப எனக்குப் பயமில்லை.”

“தெரியும். அப்ப பயந்தனி, அதுவும் தெரியும். திகதி கிடந்ததே.”

அவர் கடுதாசியை நாலாக மடித்து என்னிடம் திருப்பித் தந்தார்.

“இனி ஆரின்ர சிறுநீரகத்தையும் போடேலாதாம் பிள்ளை. இதயம் ஒப்பரேசனைத் தாங்காதாம். போன மாசம் சொன்னவை. நீயா வந்து கேப்பாய், கேக்கட்டுமெண்டுதான் சொல்லாமல் இருந்தனான்.”

நேர்ஸ் வந்து ஊசியைக் கழற்றினாள். இரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடிப்பது எப்போதும் என் வேலை, பத்து நிமிடம். பிடித்தேன்.