நக்குரு ஏரி பதிந்த கசெட்

புலம்பெயர்ந்து வந்த ஹரோ வீட்டுத் தொலைக்காட்சியில் அன்று ஓர் ஏரிக்கரையே இளஞ்சிவப்பாக எழுந்து பறந்தது. கென்யாவில் படிப்பித்துக்கொண்டிருந்த நண்பரிடம் போய்வந்த என் அண்ணன், நக்குரு ஏரியைப் படம்பிடித்து வந்திருந்தார். கரை நெடுகப் பூநாரைகள். பின்னால் மஞ்சள் பட்டை மரங்கள். சேற்றில் நின்ற காண்டாமிருகம், சம்பந்தம் பேச வந்தவர்களைப் பார்ப்பதுபோல் எங்களைப் பார்த்தது. வாலை வானொலி ஏரியல்போல நிமிர்த்திக்கொண்டு ஒரு காட்டுப்பன்றிக் குடும்பம் ஓடியது. "பள்ளிக்கூடம் விட்ட மாதிரி எல்லே ஓடுதுகள்!" என்று மச்சாள், அண்ணனின் மனைவி, சிரித்தார். தன் தகப்பன் ஊரில் இறந்த பிறகு மச்சாள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். சண்டையால் பாதை பூட்டிக்கிடந்தது. செத்தவீட்டுக்குப் போக அவர்கள் இருவருக்கும் வழியிருக்கவில்லை.

பிந்தி வந்த பக்கத்து வீட்டு அக்கா, "தம்பி, எனக்காண்டி முதலிலையிருந்து விடும்" என்றார். அண்ணன் கசெட்டைப் பின்னோக்கி ஓடவிட்டார். ஏரிக்கும் முன்னால் கொஞ்சம் கூடப் போய்விட்டது. பறை கேட்டது. வெள்ளை வேட்டிகளுக்கு நடுவே ஒரு பாடை வாசல் படலைக் கதவைத் தாண்டியது. அது தெரு ஒழுங்கைக்குள் திரும்புமுன் பூநாரைகள் பறந்தன.

இன்று செத்தவீட்டைக் கைபேசியில் நேரடியாகவே பார்க்கிறோம். அன்று ஊரிலிருந்து யாரோ கைப்பையில் கொண்டுவந்து தந்த அந்த ஒரு கசெட்தான். பாடை வெளிக்கிடும்வரை பார்த்த மச்சாள், அதற்குமேல் தாங்காமல் நிறுத்தி, "மிச்சத்தைப் பிறகு பாப்பம்" என்று எடுத்து வைத்திருந்தார். பெயர் எழுதாததை வெறும் கசெட் என்று நினைத்து அண்ணன் கமராவுக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார். மச்சாள் நிறுத்திய இடத்திலிருந்தே ஏரி பதிந்திருந்தது.

"மாமாவை அழிச்சுப்போட்டன்" என்றார் அண்ணன். வந்தவர்கள் தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

வேறு பிரதி உண்டா என்று ஊரிலிருந்து வந்த சனத்தையெல்லாம் அண்ணன் கேட்டுப் பார்த்தார். செத்தவீட்டைப் படம்பிடித்தவரே இடம்பெயர்ந்துவிட்டாராம். அதன்பிறகு தொலைக்காட்சியில் ஏதாவது மிருகம் வந்தாலே அண்ணன் எழுந்து குசினிக்குள் போய்விடுவார். "சனம் சாகேக்கை கொக்குப் பாக்கப் போனவன் நான்" என்பார்.

தொண்ணூறுகளில் ஒரு திவசத்தன்று மச்சாள் அதே கசெட்டைப் போட்டார். அண்ணன் எழும்பினார்.

"இருங்கோப்பா. செத்தவீட்டிலை பொம்பிளையள் படலையோடை நிண்டிடுவம். ஊரிலை இருந்திருந்தாலும் அதுக்கங்காலை சுடலைக்கு நான் போயிருக்கமாட்டன்."

அண்ணன் இருந்தார். திரையில் பூநாரைகள் ஒவ்வொன்றாகக் கரையிறங்கி முடிந்தன.

"ஓம், நீர் போயிருக்கமாட்டீர்" என்றார் பிறகு. "நான் சுடலை வரைக்கும் நடந்திருக்கோணும்."