மணலுக்குக் கட்டிய மதில்

முதல் நாள் மணல்மேடுகளைப் பார்த்தபோது, "இவ்வளவுதானா?" என்று நினைத்தேன். கண்டியில் தெருப் போடும் ஓவசியராகப் பல வருடம் மழையோடும் மண்சரிவோடும் மல்லுக்கட்டியவன் அல்லவா? அங்கே மஹய்யாவையில், மலைச்சரிவில் இருந்த என் வீட்டுப் பின்புறமே சரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கருங்கல் அணை கட்டக் காசு சேர்க்கத்தான் வளைகுடாவுக்குப் போனேன்.

அந்தப் பாலைவனத்தில் முன்பு லொறிக்காரர்கள் மணலில் சில்லு புதையாமல் இருக்க முன்னால் இரும்புத் தகடு போட்டு ஏறி, பின்னால் கிடப்பதைத் தூக்கி மறுபடி முன்னால் போட்டுப் போவார்களாம். பிறகு களிமண் கொட்டி இறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். நாங்கள் போட்டதுதான் முதல் தார்த் தெரு. முகாமுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வருவதும் அதில்தான்.

எனக்கு மேலதிகாரியான யாழ்ப்பாணத்து எஞ்சினியர் நகரத்துக்குப் போயிருந்த வாரம், மணல்மேடு தெருவில் சரிந்துவிடுமே என்று பயந்து, காற்று வரும் பக்கம் நெஞ்சுயரக் கல் மதில் எழுப்பினேன். பவுசர் திரும்புவதற்கு நடுவில் ஓர் இடைவெளி விட்டேன். நாட்குறிப்பில் 'வேலை திருப்தி' என்று எழுதினேன்.

அடுத்து வீசிய காற்றில் மதிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தெருவைத்தான் காணவில்லை. குறுக்கே பறந்து போயிருக்க வேண்டிய மணலெல்லாம் மதில் மறைவில், தார்மேல் குவிந்திருந்தது. பவுசர் மணலுக்கு அக்கரையில் நின்றது. ஆட்கள் என்னைப் பார்த்துக்கொண்டே தண்ணீர்க் கேன்களைத் தோளில் சுமந்தார்கள்.

திரும்பி வந்த எஞ்சினியர், மணலுக்கு மேல் தெரிந்த மதில் விளிம்பில் கதிரையில் உட்காருவதுபோல் உட்கார்ந்தார்.

"ஐசே, கண்டியில இருந்து வெறுங்கையோட வந்தனீர் எண்டு நினைச்சன். மலையையும் கொண்டுவந்திருக்கிறீர்."

"மண்ணு சரியக் கூடாதுன்னுதான், சேர்..."

"சரியேல்லைத்தானே. ஏறி நிக்குது. அடுத்த பிளேனுக்கு உம்மட பேரைக் குடுக்கட்டே?"

வீட்டுப் பின்புறம் கண்ணில் வந்தது. முகத்தைத் திருப்பினேன். மதிலின் இடைவெளியில் மட்டும் தார் துடைத்துவிட்டதுபோல் கறுப்பாகக் கிடந்தது. கையைக் காட்டினேன். அவர் அங்கே போய், சட்டை படபடக்கச் சிறிது நேரம் நின்றார்.

"மதிலை உடையும். கல்லைக் கீழ போட்டுத் தெருவை உயர்த்தும். காத்து தன்ர பாட்டில போகட்டும். பவுசர் முகாமுக்கு வந்து சேந்தா, நீர் இருக்கலாம்."

முதல் அடி நான்தான் அடித்தேன். என் மதில் எவ்வளவு உறுதி என்பது அப்போதுதான் தெரிந்தது.

பவுசர் வந்தது. நானும் இருந்தேன்.

இளம் ஓவசியர்களுக்குச் சொல்வது இதுதான்: தெருவைக் கெடுப்பது தண்ணீரா, காற்றா என்று கேட்ட பிறகு கல்லை எடுங்கள். இந்தப் பாடத்தோடு ஊர் திரும்பி, வீட்டுப் பின்புறம் முதல் கல் வைக்குமுன் விரலை நனைத்துக் காற்றுத் திசை பார்த்தேன். மனைவி வாசற்படியில் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

"காத்தை அப்புறம் பாருங்க. மண்ணு அடுப்படிக்கு வந்துருச்சு."