இரண்டு ரேடியோக்களுக்கு நடுவில்

என் அமெச்சூர் ரேடியோவுக்குக் கூரையில் ஒரு அன்டெனா, தோட்ட வேலியில் இன்னொன்று. ஒன்றின் ஒலி இடது காதுக்கு, மற்றதன் ஒலி வலது காதுக்கு. ஒன்றில் குரல் தேயும்போது மற்றதில் தெளிகிறது. ஹெட்போனை மாட்டினால் போதும், வுப்பர்டால் என்ற ஜெர்மன் நகரில் நாங்கள் இருந்த வீட்டின் ஒடுங்கிய நடைவழியில் நிற்கிறேன்.

இடப்பக்கம் குசினி. அங்கே பொரித்த மிளகாய் மணத்தோடு அம்மாவின் ரேடியோ. வலப்பக்கம் படுக்கையறை. அங்கே யன்னலில் வயர் கட்டிய அப்பாவின் ரேடியோ. பின்னேரம் சிற்றலையில் தமிழ்ச் செய்தி போகும். ஒன்று இரைந்தால் மற்றது பேசும். தவறியதை இருவரும் கத்திக் கேட்டுக்கொள்வார்கள். அவர்களுக்குள் கோபமென்றால் மட்டும், வீட்டுப்பாடத்தை விட்டுவிட்டு நான் நடுவில் நிற்கவேண்டும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

“கொப்பரிட்டைக் கேள், எந்த ஊராம் எண்டு,” என்பார் அம்மா.

“கொம்மாவிட்டைச் சொல்லு, எனக்கும் விளங்கேல்லை.”

ஒரு பின்னேரம் குண்டு விழுந்த செய்தியில் நாங்கள் விட்டுவந்த ஊரின் பெயர் வந்தது. உடனே குசினி ரேடியோ இரைந்தது. ஐந்து நாளாக அப்பாவோடு பேசாத அம்மா அகப்பையும் கையுமாக நடைவழிக்கு ஓடிவந்தார். அப்பாவும் வந்துவிட்டார்.

“சந்தையடியாம். சனத்துக்கு ஒண்டுமில்லையாம்,” என்றார் அப்பா. என்னிடமல்ல, அம்மாவிடம்.

அம்மா குசினிப்பக்கம் திரும்பினார்.

“தேத்தண்ணி போடட்டே?”

இப்போது இரண்டு அன்டெனாவிலும் குரல் ஒரே அளவில் வருகிறது. அப்படி வரும்போது அது இடப்பக்கமும் இல்லை, வலப்பக்கமும் இல்லை. சரியாக நடுவில் கேட்கிறது, அன்று நான் நின்ற இடத்தில்.