தரையில் கிடந்து எடுத்த படம்

1. காலையில் மாமாவைக் கொழும்புக் காலி வீதிச் சோதனைச்சாவடியில் மறித்து வைத்துக்கொண்டார்கள்.
2. அவரைக் கூட்டிவர அப்பா பொலிஸ் நிலையத்துக்குப் போனார்.
3. மாமா கலியாண வீடுகளில் படம் பிடிக்கும் வீடியோ கமரா எங்கள் வீட்டில் இருந்தது.
4. அக்காவைப் படம்பிடித்து, அந்தக் கசற்றைப் பின்னேரம் கனடாவுக்குப் புறப்படுகிறவரிடம் கொடுத்தாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் அங்கே காத்திருந்தார்கள்.
5. ஆகவே நான் பிடித்தேன். எனக்குப் பதினொரு வயது.

எப்படிப் பிடிப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வந்த ஆறு மாதமாக, வீட்டுக்காரரின் தொலைக்காட்சியில் சிங்கள நாடகம் ஒன்றை விடாமல் பார்த்து வந்தேன். ஒரு வசனமும் விளங்காது. ஆனால் யாருடைய சொல் எடுபடும் என்பது விளங்கிவிடும். கமரா கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் அந்த ஆள் நினைத்தது நடக்கும். மேலிருந்து பார்த்தால் அந்த ஆள் அழப்போகிறார். கடும் சிவப்புச் சேலை கட்டிய மாமியார் வெல்வார், வெளிறிய சேலை கட்டிய மருமகள் தோற்பாள். எல்லாவற்றையும் கொப்பியில் பட்டியல் போட்டு வைத்திருந்தேன்.

மாமா நேர்மாறாகச் செய்வார். பெண்ணை வெளிர் ரோஸ் சேலையில் கதிரையில் இருத்தி, தான் நின்றபடி எடுப்பார். அப்படி எடுத்தால் அக்கா தோற்றுவிடுவாளே என்று எனக்குப் பதறியது.

கொப்பியை அக்காவிடம் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தாள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த கடிதத்தையும் அப்படித்தான் வாசித்திருந்தாள். கனடாச் சம்பந்தம் வந்ததும் அம்மா அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டார். இப்போது அக்கா அதே அலுமாரியைத் திறந்து, அம்மாவின் கடும் சிவப்புப் பட்டுச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

நான் சீமெந்துத் தரையில் குப்புறப் படுத்தேன். கமராவின் சின்னக் கண்ணாடிக்குள் அக்கா மின்விசிறி வரைக்கும் வளர்ந்து நின்றாள்.

“சிரிக்கட்டோ?”

“வேண்டாம். வெல்லுற ஆக்கள் சிரிக்கமாட்டினம்.”

“அப்ப இன்னும் பதிச்சுப் பிடி.”

குசினியில் சமையலை விட்டு வந்த அம்மா, பொம்பிளை பார்க்க அனுப்புகிற படத்தை இப்படியா எடுப்பது என்று ஏசினார். மறுபடி எடுக்க நேரமில்லை. கசற் வாங்க ஆள் வாசலுக்கு வந்துவிட்டார்.

மாமாவை அன்று மாலையே விட்டார்கள். கனடாவிலிருந்து பதில் வர இரண்டு கிழமை ஆனது. மாப்பிள்ளையின் தாய் தொலைபேசியில் அப்பாவிடம் மரியாதையாகத்தான் சொன்னாராம்: “பிள்ளை வடிவுதான் அண்ணை. ஆனா எங்களுக்கு மருமகள்தான் தேவை, பள்ளிக்கூட அதிபர் இல்லை.”

வீட்டில் யாரும் என் முகம் பார்த்துக் கதைக்கவில்லை. அக்கா மட்டும் என்னைப் பம்பலப்பிட்டிக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தாள். என் படம் தோற்றுப்போன கவலையில் இருந்த நான், அது ஆறுதலுக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா இப்போது தெஹிவளையில் இருக்கிறாள், பொறியியலாளர். நான் தொலைக்காட்சி நாடகங்களுக்கு ஒளிப்பதிவு செய்கிறேன். அந்தக் கசற் கனடாவிலிருந்து இன்னும் திரும்பி வரவில்லை.