செல்வியின் கணினியோடு அலோனிலிருந்து போட்டாதாங் வரை

போன வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு ரங்கூன் அலோனில் எங்கள் வீட்டை விட்டுக் கிளம்பினேன். என் மகள் செல்வி காய்ச்சலில் இறந்து அன்றைக்குப் பதினெட்டு நாள். கைத்தறித் துணியை ஜெர்மனிக்கு அனுப்பும் ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். வாங்குகிறவர்களுக்குக் கடிதம் எழுதுவது அவள் வேலை. கம்பெனி கணினியைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். கோயில் பயணம் மட்டுமே எழுதி வந்த பக்கம் இது. இதையும் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

இன்னொரு காரியமும் இருந்தது. செல்வியைத் தெரிந்தவர் ஒருத்தர் விடாமல் சாவுச் செய்தி சொல்ல வேண்டும். யாரையாவது விட்டுவிட்டால் அவர் ஆயுசுக்கும் நம்மோடு பேச மாட்டார். அலோன், பபேடான் பேட்டைகளில் எல்லாருக்கும் சொல்லியாச்சு. ஜெர்மனிக்காரர்கள்தான் பாக்கி. நாலு வருஷம் என் மகள் தினமும் எழுதிய மனுஷர்கள் ஆச்சே! முகவரி வாங்கி வந்து கார்டு போடலாம் என்றிருந்தேன்.

கணினியைத் தலையணை உறையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். நானூறு கியாட். ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் நெரிசலில் ஐம்பது நிமிஷம். வலது பக்கம் உட்கார்ந்தால் ஆறு தெரியும் என்பார்கள். தெரிந்ததெல்லாம் கிடங்குச் சுவர்தான். போட்டாதாங் படகுத்துறைக்கு முன்னால் இறங்கி ஐந்து நிமிஷ நடை, அப்புறம் கம்பெனி ஆபீஸுக்கு மூன்று மாடிப் படி. லிஃப்ட் கிடையாது, முட்டிவலிக்காரர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கே மா சூ இருந்தாள். செல்வியோடு வேலை பார்த்த பர்மியப் பெண். என்னை 'அமே' என்றுதான் கூப்பிடுவாள், பர்மியில் அம்மா.

"முகவரி தர முடியாது, அமே."

"என்னம்மா, சொத்தையா கேக்கிறேன்? சாவுச் செய்தி சொல்லத்தானே?"

"துணிப் பார்சலுக்காகக் கொடுத்த முகவரி. வேற எதுக்கும் எடுக்கக் கூடாது. ஐரோப்பாவில அப்படிச் சட்டம். அவங்க விவரம் ரங்கூனுக்கு வந்தா சட்டமும் கூடவே வரும்."

"சாவுக்குக் கூடவா?"

"எதுக்குமே."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாலு வருஷம் எழுதியும் என் பெண் அவர்களுக்கு யாருமில்லையா என்று கேட்டுவிட்டு எழுந்தேன். மா சூ கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே உங்க மகள்தான். போன தண்ணீர்த் திருவிழாவுக்கு முதலாளி அவர் பெண்சாதி நகைக்கடை விளம்பரத்தை வாங்குறவங்க எல்லாருக்கும் அனுப்பச் சொன்னார். 'துணிக்குக் கொடுத்தாங்க. நகைக்கு அவங்களைக் கேட்டு, சரின்னு சொன்னா அனுப்பலாம்'னா செல்வி. 'முதலாளி நானா நீயா'ன்னு கத்தினார். 'முதலாளி நீங்கதான். முகவரி அவங்களோடது'ன்னா. அன்னையிலிருந்து செல்வி பார்க்காம இங்கிருந்து ஒண்ணும் போனதில்லை."

இதைப் பற்றி வீட்டில் அவள் மூச்சு விட்டதில்லை. நான் டீ கொண்டுபோனால் கணினியை மூடுவாள். எவனுக்கோ காதல் கடிதம் எழுதுகிறாள் என்று ஒரு தடவை திட்டியும் இருக்கிறேன்.

"முகவரி வேண்டாம், விடு" என்றேன்.

அப்போதுதான் மா சூ சொன்னாள், வாங்குகிறவர்களில் ரெண்டு பேர் தாங்களாகவே, செல்வி ஏன் எழுதவில்லை, சுகம்தானா என்று கேட்டிருக்கிறார்களாம். "கேட்டவங்களுக்குப் பதில் எழுதலாம். ஆனா இது உங்க வீட்டு விஷயம். நீங்க சொல்றதை மட்டும் எழுதுறேன். என்ன சொல்லலாம், அமே?"

ஆஸ்பத்திரியிலும் தெருவிலும் என் பெண்ணின் நோயை ஆளாளுக்குப் பேசினார்கள். என்னை ஒருத்தர் கேட்கவில்லை. இவள் கேட்டாள்.

"இறந்துட்டான்னு சொல்லு. நோய் வேண்டாம். வேலையில கெட்டிக்காரின்னு போடு."

"அது அவங்களுக்கே தெரியும்" என்றாள்.

திரும்பும்போது அலோனில் சைக்கா ரிக்‌ஷா, ஆயிரம் கியாட். ஓட்டுகிற தம்பியிடம் சட்டத்தைச் சொன்னேன். "நல்ல சட்டம்தான் அக்கா. நம்ம தெருவில தும்மினா முனைவீட்டில இருந்து கஷாயம் வருது!" என்றான். பதினெட்டு நாளில் அன்றைக்குத்தான் சிரித்தேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது போய்விட்டால் கணினியைத் திறக்காதீர்கள், திறந்து தரச் சொல்லிக் கடையில் கொடுக்காதீர்கள். ஆபீஸ் ஒன்பது மணிக்குத் திறக்கும், கையோடு கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். சொந்தப் படங்களைக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். செல்வியின் படங்களை எனக்குத் தந்துவிட்டு, மற்றதை என் கண்முன்னே அழித்தார்கள்.

செல்வி என்னதான் வேலை பார்த்தாள் என்று தெருவில் இன்னும் கேட்கிறார்கள். ஜெர்மனியில் முந்நூறு வீட்டு முகவரிக்குக் காவல் இருந்தாள் என்கிறேன். அதில் ஒன்றுகூடப் பெற்றவளுக்குத் தெரியாது என்றும் சேர்த்தே சொல்கிறேன்.