நொண்டிக் கோழிக்கு அழுதவர்

கிழக்கேகோட்டையில நாகர்கோவில் பஸ் ஏறினப்போ எனக்குப் பக்கத்து சீட்ல ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். எண்ணெய் வழியற தலை, வெள்ளை வேட்டி, வாய் நிறைய வெத்தலை, கையில ரவுடிக் கதைப் புஸ்தகம். பக்கத்துக்குப் பக்கம் எச்சில் தொட்டுத்தான் புரட்டுவார். கதையில கொட்டின ரத்தம் வெளியே கசிஞ்ச மாதிரி தாளெல்லாம் சிவப்பு. நான் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன். ஆனாலும் கண்ணை எடுக்கலை. ஓசிப் படிப்புன்னா நான் எச்சில் பார்க்கிறதில்லை.

கதாநாயகன் கூலிக்குக் கொலை பண்றவன். பாலராமபுரம் வர்றதுக்குள்ள ஒரு வாட்ச்மேனையும் பால்காரரையும் வெட்டிட்டான். இவர் நிம்மதியா மென்னுட்டிருந்தார். அப்புறம் அவன் ஒரு நொண்டிக் கோழிக்குக் கால்ல கட்டுப் போட்டு, லில்லின்னு பேர் வச்சான். இவர் வேட்டி முனையால கண்ணைத் தொடைச்சார்.

"என்ன அண்ணாச்சி, வெட்டுப்பட்டவனுக்கு அழலையே?"ன்னேன்.

"இவனுக்கு நல்ல மனசு சார், கேட்டோ."

"பால்காரருக்கு மனசு கிடையாதா?"

"அதைக் கதையில எழுதலையே!"ன்னு ஜன்னல் வழியாத் துப்பினார். காத்துல பாதி என் சட்டைக்கே திரும்பி வந்துச்சு.

கதையில போலீஸ் கதவைத் தட்டற நேரம் பார்த்து நெய்யாற்றின்கரை வந்துச்சு. புஸ்தகத்தை இடுப்புல சொருகிட்டு இறங்கிட்டார். சீ, என்ன மனுஷன்! இப்போ நினைச்சாலும் அருவருப்பா இருக்கு. அந்தப் பால்காரருக்குப் பிள்ளைகுட்டி உண்டான்னு அவர் யோசிக்கவே இல்லை.

நானும் யோசிக்கலை. கொலைகாரன் பிடிபட்டிருந்தா லில்லிக்கு யார் தீனி போட்டிருப்பாங்கன்னுதான் இன்னிக்கும் கவலை.